ஒரு தட்டு, இரண்டு தட்டு

ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. டிரைவர் ராஜமாணிக்கம் தன் சர்வீஸ் முழுக்க நம்பிய வேதம் இவ்வளவுதான். பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் கண்டக்டரின் உள்ளங்கை ஒருமுறை விழுந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். அடுத்தடுத்து இருமுறை விழுந்தால் வண்டி கிளம்பும். விசில் எல்லாம் மெயின்லேண்ட் பஸ்ஸுக்கு. அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தர் போகிற அரசு பஸ்ஸில் கண்டக்டர் வாய் நிறைய பான் இருக்கும், அவன் எங்கிருந்து விசில் ஊதுவது?

அவருடைய அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் கான்ட்ராக்டரோடு கப்பலேறி ரங்கத்துக்கு வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. ராஜமாணிக்கம் ரங்கத்தில் பிறந்து, லாரியில் கிளீனராக எண்ணெய் துடைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, கடைசியில் அரசு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். வேலைக்காக போர்ட் பிளேருக்கு வெளியே புரோத்ராபூரில் வாடகை வீடு. சொந்த வீடு ரங்கத்தைத் தாண்டி பெட்டாபூரில், கடலோர ரோட்டை ஒட்டி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு அது. மகள் நளினியும் மருமகன் கணேஷ்குமாரும் அதில் குடியிருந்தார்கள். ரிட்டயர் ஆனதும் தாங்களும் அங்கே போய்விடுவது என்று ராஜமாணிக்கமும் அவர் மனைவி கமலாட்சியும் வெகுநாளாகப் பேசி வைத்திருந்தார்கள்.

கமலாட்சி வாயாடி. கல்யாணமான புதிதில் புருஷனோடு பஸ்ஸில் போய்வந்து இந்தத் தட்டு பாஷையைக் கற்றுக்கொண்டாள். அதோடு விட்டாளா? வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். அடுப்படியில் கரண்டியால் டம்ளரில் இரண்டு தட்டு தட்டினால் சாப்பிட வா என்று பொருள். அவர் யாரோடாவது அரசியல் பேசிக் கத்திக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தட்டு விழுந்தால் வாயை மூடு என்று பொருள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. ராஜமாணிக்கம் சட்டென்று அடங்கிப்போவார். "நம்ம வீட்டு கண்டக்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்பார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ரங்கத்தைத் தாண்டினால் ரோடு கடலை உரசிக்கொண்டு போகும். ஆம்குஞ்ச் கடற்கரை வரும்போதெல்லாம் முன்சீட்டிலிருந்து கெஞ்சுவாள்.

"ஏங்க, ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்துனா என்னவாம்? கடலைப் பாத்துக்கிட்டு ஒரு டீ குடிச்சுட்டுப் போயிருவோம்."

"இது சர்க்கார் பஸ்ஸு. உங்கப்பன் வீட்டு வண்டியா?"

"எங்கப்பன்கிட்ட வண்டி இருந்தா உன்னைய எதுக்குய்யா கட்டப்போறேன்?"

பஸ்ஸே சிரிக்கும். பஸ் நிற்காது. ரிட்டயர் ஆகட்டும் பார்க்கலாம் என்று அவர் சொல்லுவார். அப்படிச் சொல்லியே ஒரு ஆயுள் ஓடிப்போனது.

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் கமலாட்சிக்கு நெஞ்சு பிடித்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கால் வீங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வேளாவேளைக்கு மாத்திரை. போதாததற்கு நாக்குக்கு அடியில் வைக்கிற பொடி மாத்திரை ஒன்று. நெஞ்சில் வலி வந்தால் உடனே வைத்துக்கொள்ள வேண்டும், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அந்தச் சின்னச் சீசாவை முந்தானையில் முடிந்துகொண்டுதான் திரிந்தாள்.

இந்த உடம்போடு அவளைப் பெட்டாபூருக்கு எப்படிக் கூட்டிப்போவது? பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும். ராஜமாணிக்கம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் சிவபிரகாஷ் என்பவரின் வண்டி விலைக்கு வந்தது. டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று மெயின்லேண்டிலிருந்து கார்கோ கப்பலில் கொண்டுவந்த கேம்பர் வேன். முன்னால் டிரைவர் கேபின். பின்னால் அடைத்த பெட்டி மாதிரி ஒரு அறை. அதற்குள் கட்டில், கேஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, மரத்தில் டிராயர்கள். தொழில் ஓடவில்லை, மனுஷன் விற்றுவிட்டு ஊரைப் பார்க்கப் போகிற அவசரத்தில் இருந்தார். ரிட்டயர்மெண்ட் பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்து ராஜமாணிக்கம் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

புரோத்ராபூரே வேடிக்கை பார்க்க வந்தது. "ஹோட்டல் காடி, ஹோட்டல் காடி" என்று இந்தியில் கத்திக்கொண்டு பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கமலாட்சி முதலில் திட்டினாள். பிறகு கட்டிலில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். கேபினுக்கும் அறைக்கும் நடுவே இருந்த பலகையில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள்.

"ரைட், ரைட்! போலாம்!"

ராஜமாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. புது வண்டிக்கு அவர் பார்த்த சேவகத்தை ஒரு மாமியார்கூட மாப்பிள்ளைக்குப் பார்க்கமாட்டாள். வழிநெடுக வளைவு, வளைவுக்கு வளைவு டிராயர் திறந்து சாமான் கொட்டும் என்று பஜாரில் அலைந்து இரும்புக் கொக்கி வாங்கி ஒவ்வொரு டிராயருக்கும் தானே பூட்டினார். கெட்டிக் கொக்கி. அழுத்தி இழுத்தால்தான் விடும்.

"இதைத் தொறக்குறதுக்குள்ள கை ஒடிஞ்சுரும் போலிருக்கே."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகப் பழக லூசாயிரும்."

நல்ல வேலைக்காரன்தான். இப்படி ஒரு நல்ல வேலைக்காரன் இல்லாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீட்டைக் காலி செய்து கிளம்பின அன்று விடிந்தும் விடியாமல் ஜிர்காடாங் சாவடிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒரு போலீஸ் ஜீப், நடுவில் எல்லா வண்டிகளும் கான்வாயாகப் போக வேண்டும். நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, முந்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. போனில் சிக்னல் கிடையாது. இந்த ரோட்டில் ராஜமாணிக்கத்துக்குத் தெரியாத பள்ளமே இல்லை.

அதுவரை கமலாட்சி முன்சீட்டில்தான் இருந்தாள். கால் கனக்கிறது, பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். ராஜமாணிக்கம் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். தலையணை வைத்தார், போர்வை போர்த்தினார். இறங்குவதற்கு முன் கப்பல் சிப்பந்தி மாதிரி ஒரு சுற்றுப் பார்த்தார். அடுப்பு மூடியிருக்கிறதா, டம்ளர் உருளுமா, கதவு சாத்தியிருக்கிறதா. கட்டில் ஓரத்தில் அவளுடைய கைப்பை கிடந்தது. வளைவில் கீழே விழுந்துவிடும் என்று எடுத்து டிராயருக்குள் வைத்துக் கொக்கியை மாட்டினார். முந்தானையில் முடிந்திருந்த சீசா படுக்கும்போது குத்துகிறது என்று சற்றுமுன்தான் அவள் அதைக் கைப்பையில் போட்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை, தூக்கம் சொக்கியது.

"இந்தா, கரண்டியைக் கையில வச்சுக்க. ஏதாச்சும்னா ஒரு தட்டு தட்டு. எந்தக் காடா இருந்தாலும் நிறுத்திருவேன்."

"கான்வாய்ல நிறுத்தக்கூடாதேய்யா?"

"போலீஸ்காரன் திட்டுனா திட்டிட்டுப் போறான். நீ தட்டு."

வாய்ச்சவடால் இல்லை அது. ஒருதரம் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்து நடுக்காட்டில் நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த ஜீப் ஓடிவந்து உதவியது. யாரும் அவரைத் தின்றுவிடவில்லை.

சாவடிக் கதவைத் தூக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் பலகையில் டக்டக் என்று இரண்டு தட்டு. ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

காட்டுக்குள் ரோடு ஈரமாக இருந்தது. வண்டி ஏறியது, இறங்கியது, குலுங்கியது. அவர் மனசு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் ரங்கத். சாயங்கால வெயிலில் ஆம்குஞ்ச். பின்கதவைக் கடலைப் பார்க்கத் திறந்துவைத்து, அடுப்பைப் பற்றவைத்து, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுக்க வேண்டும். இஞ்சி தட்டிப் போட வேண்டும். "இப்ப சொல்லுடி, யாருடைய அப்பன் வீட்டு வண்டி?" என்று கேட்க வேண்டும். கேட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்றும் யோசித்து வைத்துக்கொண்டார்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது.

டக். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. டக்.

இரண்டு. "சரி சரி, போறேன் தாயி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முன்வண்டியோடு இடைவெளி விழுந்திருந்தது, அதைத்தான் எப்படியோ பார்த்துவிட்டுச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று அழுத்தி மிதித்தார். கட்டிலில் படுத்திருப்பவளுக்கு முன்வண்டி எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அந்த யோசனை வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறவனுக்கு எதுதான் தெரிகிறது?

ஒரு மேடு ஏறி இறங்கியிருப்பார். மறுபடியும்.

டக்.

டக்.

"எத்தனை தடவைடி ரைட் சொல்லுவே?" என்று சத்தமாகவே கேட்டுச் சிரித்தார். அடைத்த பெட்டி, என்ஜின் இரைச்சல், அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கக்கூடாது என்றுதான் பிறகு அவர் வேண்டிக்கொண்டார். அதற்கப்புறம் தட்டு ஒன்றும் இல்லை. தூங்கிவிட்டாள் என்று வளைவுகளில் மெதுவாகத் திருப்பினார்.

மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறையில் வண்டிகள் அக்கரைக்குப் போகும் ஃபெரிக்காக வரிசை கட்டின. ராஜமாணிக்கம் இறங்கி, சோம்பல் முறித்து, கடையில் இரண்டு டீயும் சூடாக சமோசாவும் வாங்கினார். அவளுக்குச் சர்க்கரை கம்மி என்று கடைக்காரனிடம் அழுத்திச் சொன்னார். இரண்டு கையிலும் சாமான், முழங்கையாலேயே பின்கதவின் பிடியைத் தள்ளித் திறந்தார்.

கமலாட்சி கட்டிலில் இல்லை. கீழே உட்கார்ந்த வாக்கில் டிராயரோடு சாய்ந்து கிடந்தாள். இடது கையின் விரல்கள் கொக்கிக்குள் மாட்டியிருந்தன. நகம் ஒன்று பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. வலது கை நடுப்பலகைக்குக் கீழே விழுந்து கிடந்தது. கரண்டி அந்தக் கையருகே இருந்தது.

டீ எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. "கமலா, கமலா" என்று தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். கொக்கியை அழுத்தி இழுத்து டிராயரைத் திறந்து, பையைக் கவிழ்த்து, சீசாவைத் தேடி எடுத்து, மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் வைத்தார். உள்ளே வாய் காய்ந்திருந்தது. மாத்திரை கரையவில்லை. அது வைத்த இடத்தில் அப்படியே வெள்ளையாக இருந்தது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். கான்வாயில் பின்னால் வந்த ஜீப்பின் போலீஸ்காரனும் வந்தான். சின்ன வயசு, நல்ல பையன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாச்சா, எமர்ஜென்சி தா தோ ருக் ஜாதே. ஹம் குச் போல்தே க்யா?" என்றான். அவசரம் என்றால் நிறுத்தியிருக்கலாமே, நாங்கள் ஏதாவது சொல்லியிருப்போமா என்று ஆறுதலாகத்தான் கேட்டான். 

ஃபெரியில் வண்டியோடு முதல் ஆளாக ஏற்றி பாராடாங் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தார். வேறு டிரைவர் ஏற்பாடு பண்ணட்டுமா என்று கேட்டார்கள். ராஜமாணிக்கம் வேண்டாமென்றார்.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன். நானே கொண்டுபோய்ச் சேக்குறேன்."

பாராடாங் தாண்டி மறுபடியும் காடு, மறுபடியும் ஒரு கான்வாய். அவளைக் கட்டிலில் கிடத்தி, போர்வையால் சுற்றி, உருளாதபடி கட்டியிருந்தார்கள். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்னால் ஏதோ ஒன்று தட்டியது. டிராயரோ, டம்ளரோ. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கால் பிரேக்குக்குப் போய்ப் போய் வந்தது. இப்போது எல்லாம் துல்லியமாகக் கேட்டது. போ என்று சொல்கிறவள் டக்டக் என்று சேர்த்துத் தட்டுவாள். காலையில் சாவடியில் அப்படித்தான் தட்டினாள். காட்டுக்குள் தட்டியது அப்படி இல்லை. நிறுத்து என்று ஒன்று. இவன் நிறுத்தவில்லையே என்று, மூச்சைக் கூட்டிக்கொண்டு, இன்னொன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று இந்த மடையன் கூட்டிக்கொண்டான். நாலு தரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், நாலு தரமும் இவன் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறான். அடப்பாவி, அடப்பாவி என்று ஸ்டியரிங்கில் நெற்றியை மோதிக்கொண்டார். வண்டி வரிசையை விட்டு விலகாமல் போய்க்கொண்டே இருந்தது. பழகின கை.

ரங்கத்தைத் தாண்டியதும் கடல் வந்தது. அவர் நினைத்து வைத்திருந்த அதே சாயங்கால வெயில். ஆம்குஞ்சில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்ப் பின்கதவைக் கடலைப் பார்க்கத் திறந்து வைத்தார். காற்று உள்ளே போய்ப் போர்வையின் ஓரத்தைத் தூக்கியது. அடுப்பைப் பார்த்தார், இஞ்சி வைத்திருந்த டப்பாவைப் பார்த்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதவன் இங்கே நிறுத்தி யாருக்குப் படம் காட்டுகிறான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

பாராடாங்கிலிருந்தே போனில் சேதி போயிருந்தது, பெட்டாபூரில் வீட்டு வாசலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடியிருந்தது. மகள் நளினி தலைவிரி கோலமாக ஓடிவந்து வண்டிக்குள் ஏறி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இறக்கி நடுவீட்டில் கிடத்தினார்கள். அழுது ஓய்ந்து மூச்சு விட்டபோது அவள் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா ரொம்பத் துடிச்சாங்களாப்பா? கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

ராஜமாணிக்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். அப்படியே அம்மா ஜாடை.

"பலகையில தட்டினாம்மா. ரெண்டு தட்டு."

நளினிக்கு அந்தப் பாஷை தெரியும். அதைக் கேட்டே வளர்ந்தவள். அழுகைக்கு நடுவே அவள் முகம் ஒரு நொடி இளகியது.

"ரைட் சொல்லிட்டாங்களா? போலாம்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்களா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான், அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் நளினி அதையே சொன்னாள். அம்மா கஷ்டப்படவில்லை, சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ரைட் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்கள். புண்ணியவதி என்றார்கள் பெண்கள். யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு, புருஷன் புது வண்டி வாங்கி, கட்டில் போட்டு, மகாராணி மாதிரிக் கூட்டிவந்திருக்கிறான் என்றார்கள். ராஜமாணிக்கம் திண்டாடிப்போனார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

மூங்கிலும் விறகும் ஏற்றிய பிக்கப் வண்டி வந்து ரோட்டில் நின்றது. கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் வேனை எடுத்தால்தான் அது உள்ளே வர முடியும். மருமகன் கணேஷ்குமார் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா, சாவி குடுங்க. நான் எடுத்து ஓரமா போட்டுர்றேன்."

"வேணாம் மாப்ள. நானே எடுக்குறேன்."

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கணேஷ்குமார் பின்னால் போய் நின்று இடம் பார்த்தான். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் தென்னை. தாராளமாக இடம் இருந்தது. இந்த ரோட்டில் வண்டிக்குப் பின்னால் நிற்கிற எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வேனின் தகரத்தில் உள்ளங்கையால் டக்டக் என்று இரண்டு தட்டு தட்டினான்.

வண்டி நகரவில்லை.

அவன் இன்னும் பலமாக இரண்டு தட்டினான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ராஜமாணிக்கத்தின் வலது கால் பிரேக்கில் இறுகிக் கிடந்தது, அதை அவரால் எடுக்க முடியவில்லை. கணேஷ்குமார் முன்பக்கம் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். சத்தம் கேட்டு நளினியும் வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"என்னாச்சு மாமா? ரைட் சொன்னேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சுய்யா."

அவர் மருமகனைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்ள சொன்னது ரைட்டு. உங்கம்மா சொன்னது ரைட்டு இல்ல. ஒண்ணு ஒண்ணாத் தட்டினாம்மா. நிறுத்தச் சொன்னா. நான்தான் நிறுத்தல."

நளினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் என்ஜினை அணைத்தார். சாவியைக் கழற்றி மருமகன் கையில் வைத்துவிட்டு இறங்கி, கூட்டம் விலகி வழிவிட, தன் வீட்டுக்குள் போனார்.